இடது கைக்குத் தெரியாமல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கம்ப்யூட்டர் டீச்சர். சேலையூரில் ஒரு மெட்ரிக் பள்ளியில் இருபத்தாறு வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். தெரியாத லிங்க்கைத் தொடாதே, ஓடிபியைச் சொல்லாதே, மெயில் அனுப்பியவரின் முகவரியை எழுத்தெழுத்தாகப் படி என்று பிள்ளைகளுக்குத் தொண்டை வறளச் சொன்னவள். ஓய்வு பெற்ற பிறகும் வாய் சும்மா இருக்கவில்லை. எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் இணைய மோசடிகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். முடிந்ததும் சமோசாவும் டீயும் கொடுத்துக் கைதட்டினார்கள். அது நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, நானே போய் விழுந்தேன். ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி பெண்ணே என்று எனக்காகவே சொல்லிவைத்திருக்கிறார்கள்.

என் பணம் போனதைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. போனால் போகட்டும். ஒருத்தியின் அறுவை சிகிச்சை நின்றுபோனதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

எங்கள் சபை பீர்க்கன்கரணையில், ஏரிக்குப் பின்பக்கம் இருக்கிறது. அங்கே வாடகைக்கு இருந்த காலத்தில் சேர்ந்தோம். பிறகு அஸ்தினாபுரத்தில் ஃபிளாட் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாலும் சபையை மாற்ற மனம் வரவில்லை. ஞாயிறுதோறும் நானும் என் கணவரும் ஸ்கூட்டரில் ஜி.எஸ்.டி. ரோட்டின் புழுதியையெல்லாம் முகத்தில் வாங்கிக்கொண்டு போவோம். அந்தச் சபைக்கு வாரம் ஒரு மடல் உண்டு. அந்த வார ஆராதனை ஒழுங்கு, பிறந்தநாள் வாழ்த்து, அறிவிப்புகள், ஜெப விண்ணப்பங்கள் எல்லாம் அதில் இருக்கும். தட்டச்சு செய்வது நான். எல்லாருக்கும் மெயிலில் அனுப்பிவிட்டு, துபாயிலும் பெங்களூரிலும் இருக்கும் பிள்ளைகள் படிக்கட்டுமே என்று சபையின் இணையப் பக்கத்திலும் போட்டுவிடுவேன்.

என் மடலில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. எனக்கு முன்னால் அதைச் செய்தவர் 'சுகவீனமாயிருக்கும் சகோதரிக்காக ஜெபிப்போம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். யார், என்ன நோய், எந்த ஆஸ்பத்திரி என்று தெரியாமல் எப்படி மனதார ஜெபிக்க முடியும் என்று நான்தான் விவரம் சேர்த்து எழுத ஆரம்பித்தேன். எல்லாரும் பாராட்டினார்கள்.

சபையில் மணி அடித்து, கதவு திறந்து, நாற்காலி துடைத்து வைப்பவரைக் கோயில்பிள்ளை என்போம். காம்பவுண்டுக்குள்ளேயே ஓர் அறையில் அவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. திருவிருந்து மேசை விரிப்பைத் துவைத்து இஸ்திரி போடுவது அந்தப் பெண்தான். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். ஒரு வருடமாக அவளுக்கு மூச்சு இரைத்தது. இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜி.எஸ்.டி. ரோட்டிலுள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நாள் குறித்தாயிற்று. அரசுக் காப்பீட்டு அட்டை பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்ளும். மீதியை அடுத்த வாரத் திங்கட்கிழமைக்குள் கட்டினால் அந்தப் புதன்கிழமை அறுவை.

இதை அத்தனையும் மடலில் எழுதினேன். ஆஸ்பத்திரியின் பெயர், கிழமை, என்றைக்குள் பணம் கட்ட வேண்டும், எல்லாம். அதே பக்கத்தின் கீழே இன்னோர் அறிவிப்பு: நமது போதகர் இந்த வாரம் புதன் முதல் சனி வரை மலைப்பக்கம் தனித்தியானத்தில் இருப்பார், அந்நாட்களில் அவருடைய கைபேசி அணைக்கப்பட்டிருக்கும். திருடனுக்கு வீட்டுச் சாவியை வாசற்படியில் வைத்து, எத்தனை மணிக்கு ஆள் இருக்க மாட்டார்கள் என்று சீட்டும் எழுதி வைத்தவள் நான்.

போதகர் கிளம்பிப் போன புதன்கிழமை காலை பத்து மணிக்கு அந்த மெயில் வந்தது. நான் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தேன். அனுப்பியவர் இடத்தில் போதகரின் பெயரும் அங்கி போட்ட படமும் இருந்தன. நம் கோயில்பிள்ளையின் மனைவிக்காக ஆஸ்பத்திரியில் முன்பணம் இன்றே கேட்கிறார்கள், ஞாயிறு வரை பொறுக்க முடியாது, தியானத்தில் இருப்பதால் பேச இயலாது, மெயில் மட்டும் பார்க்கிறேன், இத்துடன் உள்ள கியூஆர் கோடில் முடிந்ததை அனுப்பவும், அந்தக் குடும்பத்தின் மானத்தை முன்னிட்டு யாரிடமும் பேச வேண்டாம் என்று இருந்தது.

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. எங்கள் போதகர் எனக்கு ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியதில்லை. தியானத்துக்குப் போன இடத்தில் தமிழில் தட்டச்சு செய்ய வசதியில்லையோ என்னவோ என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முகவரியின் கடைசியில் இரண்டு எண்கள் கூடுதலாக இருந்தன. புது ஐடி போலிருக்கிறது என்று அதற்கும் சமாதானம். சந்தேகம் வந்தால் ஆளைக் கூப்பிட்டுக் கேள் என்பது நான் சொல்லிக்கொடுத்த விதி. கூப்பிட்டேன். போன் அணைந்திருந்தது. அணைந்திருக்கும் என்று கடிதத்திலேயே இருந்ததால், அதுவே கடிதம் உண்மை என்பதற்குச் சாட்சியாகிவிட்டது.

கோயில்பிள்ளையைக் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். வெளியாட்களுக்கு இது புரியாது. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பது எங்களுக்குச் சோற்றோடு ஊட்டப்பட்டது. பெயர் எழுதாத கவரில் போட்டுக் கொடுப்போம், கொடுத்ததை மறந்துவிடுவோம். மறந்த மாதிரியாவது இருப்போம். ஒருவர் சபைக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்து அதன் இறக்கையில் தன் பெயரை எழுதி வைத்தார். இன்றுவரை அவருக்கு ஃபேன் அண்ணன் என்றுதான் பெயர். இப்படிப்பட்ட இடத்தில், உனக்குப் பணம் தேவையாமே, அனுப்பட்டுமா என்று ஒருவரிடம் எப்படிக் கேட்பது?

கையைக் கழுவிவிட்டு வந்து கியூஆர் கோடை ஸ்கேன் செய்தேன். பணம் போகும் ஆளின் பெயர் திரையில் வந்தது. நான் கேள்விப்படாத பெயர். அந்த இடத்தில் நிற்க வேண்டும் என்றுதான் சமோசாக் கூட்டத்தில் இரண்டு முறை அழுத்திச் சொன்னேன். ஆஸ்பத்திரிக் கணக்காளராக இருப்பார் என்று ரகசிய எண்ணைத் தட்டினேன். என் கணவர் பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவரிடமும் சொல்லவில்லை. அன்று முழுக்க எனக்குள் ஒரு நிறைவு இருந்தது. வாழைப்பூ வடை மொறுமொறுப்பாக வந்தது.

மறுநாள் வியாழக்கிழமை அதே முகவரியிலிருந்து இன்னொரு மெயில். நன்றி, ஆண்டவர் ஆசீர்வதிப்பார், இன்னும் கொஞ்சம் குறைகிறது, மறுபடி உதவ முடியுமா என்று.

எங்கள் போதகர் இரண்டாம் முறை கேட்கிற ஆள் இல்லை. கிறிஸ்துமஸ் கேக்கையே இரண்டாம் துண்டு வாங்கமாட்டார். அந்த நிமிடம் எனக்குத் தெரிந்துவிட்டது. முழுதாகத் தெரியவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. தெரிந்தது.

சபை வாட்ஸப் குழுவில் ஒரு வரி போட்டிருந்தால் போதும். 'ஐயா பெயரில் வரும் மெயிலை நம்ப வேண்டாம்.' விரல் அந்த இடம் வரை போயிற்று. போட்டால், உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும். கொடுத்ததைச் சொன்ன அசிங்கம் ஒருபுறம், கம்ப்யூட்டர் டீச்சரே ஏமாந்தாள் என்ற சிரிப்பு ஒருபுறம். அதோடு ஒருவேளை அது போதகராகவே இருந்துவிட்டால்? சனிக்கிழமை வந்துவிடுவார், கேட்டுக்கொள்ளலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். சனிக்கிழமையும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பிரசங்கம் முடிந்ததும் போதகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "நம்ம கோயில்பிள்ளையோட வீட்டம்மாவுக்கு வர்ற புதன்கிழமை ஆபரேஷன். நாளைக்குள்ள பணம் கட்டணும். இன்னைக்கு எடுக்கற காணிக்கை முழுக்க அவங்களுக்குத்தான். தாராளமா குடுங்க."

கோயில்பிள்ளை கதவோரம் கைகட்டி நின்றார். அவர் மனைவி கடைசியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் மூச்சு வரும் என்பதால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். காணிக்கைப் பை வரிசை வரிசையாகப் போயிற்று. யாரும் பர்ஸைத் திறந்த மாதிரி தெரியவில்லை. சில்லறை விழும் சத்தம் மட்டும் கேட்டது. ஒருத்தர் முகத்திலும் வருத்தம் இல்லை. எல்லார் முகத்திலும் ஓர் அடக்கமான புன்னகை இருந்தது; நாம்தான் அப்போதே கொடுத்துவிட்டோமே என்கிற புன்னகை அது என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. நான் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பையை மேசைமேல் வைத்தபோது போதகர் அதன் தொய்வைப் பார்த்தார். ஆசீர்வாதம் கூறி முடித்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், இரும்புலியூர் தாண்டிச் சிக்னலில் நின்றபோது என் கணவர் முகத்தைத் திருப்பாமலே சொன்னார்: "பை காலியா போச்சேன்னு நினைக்காத. நான் புதன்கிழமையே அனுப்பிட்டேன். ஐயா மெயில் போட்டிருந்தாரு. சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்."

ஒரே வீட்டில், ஒரே காலையில், ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து இரண்டு பேரும் அனுப்பியிருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே சபையில் மற்றவர்களும் அனுப்பியிருப்பார்களே என்று உறைத்தது. "வண்டியைத் திருப்புங்க" என்றேன்.

நாங்கள் திரும்பி வந்தபோது எல்லாரும் முற்றத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். போதகர் சபைப் பொருளாளரோடு பேசிக்கொண்டிருந்தார். பொருளாளர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு நாசூக்கு எல்லாம் மறந்துவிட்டது. வகுப்பில் கேட்கிற குரலில் கேட்டேன்: "ஐயாகிட்டேருந்து மெயில் வந்து, ஆபரேஷனுக்குப் பணம் அனுப்பினவங்க கொஞ்சம் கை தூக்குங்க."

முதலில் யாரும் தூக்கவில்லை. நான் என் கையைத் தூக்கினேன். பிறகு என் கணவர். பிறகு ஒன்று, இரண்டு, தயங்கித் தயங்கி, டீ டம்ளரோடு ஒரு கை, குழந்தையை இடுப்பு மாற்றிவிட்டு ஒரு கை. பார்த்தால் முற்றத்தில் பாதிக்கு மேல் கைகள். ஃபேன் அண்ணனும் தூக்கியிருந்தார். பொருளாளரும்.

போதகர் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் எந்த மெயிலும் போடலையேம்மா" என்றார்.

அதற்குள் வாசலில் நாற்காலியில் இருந்த கோயில்பிள்ளையின் மனைவி, பக்கத்தில் நின்றவளிடம், "இன்னாத்துக்கு எல்லாம் கை தூக்கிகினு கீறாங்க?" என்று கேட்டிருக்கிறாள். போதகர் சொன்னது அந்தக் கோடிக்குக் கேட்கவில்லை. "உனக்குத்தான், ஆபரேஷனுக்குப் பணம் குடுத்தவங்க" என்றாள் பக்கத்தில் நின்றவள். நான் திரும்பினேன். நாற்காலியில் இருந்தபடியே அவள் எங்களைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் வழிந்தது. கோயில்பிள்ளை ஓடிப் போய் அவளைத் தாங்கி அறைக்குள் அழைத்துப் போனார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது என்பது அவர் நடந்த வேகத்தில் தெரிந்தது.

அன்று பிற்பகலே சைபர் கிரைம் உதவி எண்ணுக்குப் பேசினோம், ஆன்லைனில் புகார் பதிந்தோம். திங்கட்கிழமை பத்துப் பன்னிரண்டு பேர் சைபர் கிரைம் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த போலீஸ்காரர் மரியாதையானவர். எல்லாருக்கும் நாற்காலி போடச் சொன்னார். கணக்கைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பணம் வந்து வந்து உடனே வேற கணக்குக்குப் போயிருக்கு மேடம். புதன்கிழமையே சொல்லியிருந்தா நிறுத்தி வெச்சிருக்கலாம். வியாழக்கிழமை சொல்லியிருந்தாகூட பாதிப் பேரு தப்பிச்சிருப்பீங்க. அதிகமா வந்திருக்கறதே வெள்ளி, சனிதான்."

என்னோடு வந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். நானும் கொட்டினேன். வியாழக்கிழமை என் விரல் போய்த் திரும்பியதை நான் அங்கே சொல்லவில்லை. என் கணவரிடமும் சொல்லவில்லை. இதை எழுதும்போதுதான் சொல்கிறேன்.

அன்று மாலை சபைக் கமிட்டி கூடியது. இத்தனை விவரம் அந்த மோசடிக்காரனுக்கு எப்படித் தெரிந்தது என்பதே பேச்சாக இருந்தது. என் மடலிலிருந்துதான் என்றேன், இணையப் பக்கத்தைத் திறந்தும் காட்டினேன். "அது எப்பவும் போடறதுதானே சிஸ்டர், அத விடுங்க" என்று தள்ளிவிட்டார்கள். படித்தவள் மேல் சந்தேகம் வராது. பொருளாளர் கோயில்பிள்ளையைக் கூப்பிட்டனுப்பி, "தப்பா நினைக்காதப்பா, உன் போனக் கொஞ்சம் காட்டு" என்றார்.

கோயில்பிள்ளை பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். பழைய பட்டன் போன். பின்மூடி கழன்று வராமல் ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. "இதுல பேசத்தான் சார் முடியும்" என்றார். யாரும் அதைத் தொடவில்லை. அவரே எடுத்துக்கொண்டு போனார். எனக்கு அந்தக் கமிட்டியையே கூண்டோடு கொளுத்திவிட வேண்டும்போல் இருந்தது, என்னையும் சேர்த்து.

மறுபடி வசூலித்தோம். கொடுக்க மனமில்லாத ஜனங்கள் அல்ல. ஆனால் மாதக் கடைசி, ஒரு தடவை கொடுத்தாயிற்று. அதோடு இப்போது எல்லாரும் நான் சொல்லிக்கொடுத்தபடி உஷாராகிவிட்டார்கள். ஒருவர் ஆஸ்பத்திரி எஸ்டிமேட்டைப் பார்க்க வேண்டும் என்றார். ஒருவர் நேரில் போய்க் கட்டுகிறேன் என்று சொல்லி, அடுத்த வாரம் போகலாம் என்று இருந்துவிட்டார். இன்னொருத்தி என் போனையே எடுக்கவில்லை. யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. கேட்ட தொகைக்குப் பாதிகூடத் தேறவில்லை. புதன்கிழமை வந்தது, போயிற்று.

அதற்கு மூன்றாம் நாள் அவளுக்கு மூச்சு முட்டி அதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, இந்த நிலையில் கத்தி வைக்க முடியாது என்றார்கள். வசூலித்த பணம் ஆறு நாள் படுக்கைக்கும் மருந்துக்கும் சரியாகப் போயிற்று. பிறகு சென்னைக்குள் இருக்கும் பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றினோம். புதன்கிழமையே ஆபரேஷன் நடந்திருந்தால் இப்படி ஆகியிருக்காதா என்று டாக்டரைத் தனியாகக் கேட்டேன். "அப்படியெல்லாம் சொல்ல முடியாதும்மா" என்றார். சொல்ல முடியாது என்பதற்கு இல்லை என்று பொருள் கிடையாது. அந்தப் பதிலைத் தூக்கிக்கொண்டுதான் திரிகிறேன்.

வாரம் இரண்டு நாள் குரோம்பேட்டையில் ரயில் ஏறிப் போய் அவளைப் பார்க்கிறேன். கஞ்சி கொண்டுபோகிறேன், தலை வாரிவிடுகிறேன். என்னால் ஆகக்கூடியது அவ்வளவுதான். நீர் வடிந்து, நெஞ்சு தேறினால் தேதி தருவார்களாம். இன்றுவரை தரவில்லை.

போன வாரம் போனபோது கோயில்பிள்ளை கட்டிலின் கால்மாட்டில் பிளாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு முறை மூச்சு வாங்கினாள்.

"டீச்சர், சபையில அவ்ளோ பேரு எனக்காகக் கை தூக்குனாங்க. நான் பாத்தேன். பணம் கீது, டாக்டருங்கதான் நாளு குடுக்கமாட்றாங்க. இவராண்ட கேட்டா சீக்கிரம், சீக்கிரம்ன்றாரு."

நான் கோயில்பிள்ளையைப் பார்த்தேன். அவர் பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். இத்தனை நாளாக அவர் அவளிடம் சொல்லவேயில்லை.

"எனக்கு ஒன்னு ஆயிடுச்சுன்னா," என்றாள், "அந்தப் பணத்த இவரு கைல குடுத்துராதீங்க டீச்சர். இவரு எனக்குச் சமாதி கட்றேன்னு செலவு பண்ணிடுவாரு. வேற யாருனா நெஞ்சு வலின்னு வருவாங்க இல்ல, அவங்க ஆபரேஷனுக்குக் குடுத்துருங்க. நீங்க பாத்து பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியும்."

சரி என்றேன்.